கேவினுடைய கிதார்

மூன்று மணி நேரம், அதற்கு மேல் போனால் இசைக்கலைஞர் சங்க விதிப்படி இரண்டாவது பதிவாகிவிடும், கூலி இரட்டிப்பாகும், அதனால் தயாரிப்பாளர் மோரிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், டெரிக் மடியிலிருக்கும் பேஸ் கிதாரைப் பார்க்கிறான், அது அவனுடையது இல்லை, கேவினுடையது... சத்தம் வேறாகக் கேட்டால் கேவினுக்குத் தெரிந்துவிடும், ஆகவே அவன் கிதாரிலேயேதான் வாசிக்க வேண்டும், தோள்வாரின் நீளத்தைக்கூட மாற்றக் கூடாது. குழுவின் பேஸ்காரனைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவனுக்குப் பதில் வாசிக்க டெரிக்கைப் பின்வாசல் வழியாக வரவழைப்பது லண்டனில் புதிதா என்ன, இசைத்தட்டின் உறையில் கேவின் பெயர்தான் இருக்கும். "விரலா அவனுக்கு, சாசேஜு," என்றார் மோரிஸ் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "பப்புல உக்காந்திருக்கான்யா. மூணு பைண்ட் பீர் உள்ள போகாம எழுந்திரிக்க மாட்டான். நீ வாசி." டெரிக் சிரித்தான். எதற்குச் சிரித்தேன்? ஹெட்போனில் கேவின் முன்பு வாசித்தது ஓடுகிறது, அப்படியொன்றும் மோசமில்லை, கொஞ்சம் பின்தங்குகிறது, டிரம்ஸைக் கேட்டுவிட்டு வருகிறவனின் தாமதம்... என்னுடையதைக் கேட்டு யார் சிரித்திருப்பார்கள்? வேண்டாம், வாசி.

இருபத்திரண்டு வயதில் டெரிக்குக்கும் ஒரு குழு இருந்தது, ஒரே ஒரு பாட்டு ஓடியது, அதன் தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியாக வரும், இன்றுவரை தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள், அவனும் நன்றி சொல்கிறான். அந்தத் தட்டு வெளிவந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாதம் அதைப் பழகினான்... வெளிவந்த பிறகு.

கதவு திறந்தது, மழையில் நனைந்த கோட்டோடு கேவின். தன் கிதார் யார் மடியில் இருக்கிறது என்று பார்த்தான். கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம், அப்படித்தான் சொல்வார்கள். சண்டைக்கு வந்தாலும் தேவலை, கேவினின் முகம் சிவந்ததோடு சரி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீங்களா," என்றான். "உங்க பாட்டைக் கேட்டுத்தான் சார் நான் பேஸே வாங்கினேன். எனக்கு அப்படி வராது. இதோட விட்டுடறேன், அப்பாவோட கசாப்புக் கடைக்கே போயிடறேன்."

ஒலிவாங்கி திறந்துதான் இருக்கிறது, மோரிஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் சொல்வது அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்... பேசாமல் இருந்தால் போதும், இத்தனை வருடம் இருந்ததுதானே, இவன் போய் இறைச்சி வெட்டட்டும், எனக்கென்ன?

"அந்தப் பாட்டுல வாசிச்சது நான் இல்ல," என்றான் டெரிக். "என்னையும் சாப்பிட அனுப்பிட்டாங்க."