பன்னிரண்டாவது கை

கூட்டத்தை எங்கள் வீட்டில் வைத்தது என் யோசனைதான். எழுபத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். என் மனைவிக்கு முழங்கால் போய் நாலு மாதமாகிறது. நாடகங்களுக்கு உடை தைப்பவள். அளவு கொடுக்க இந்த நாலாவது மாடிக்கு ஏறிவர நடிகர்களுக்குச் சலித்துவிட்டது; பாதிப் பேர் வேறு தையற்காரரைப் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் போடப் பன்னிரண்டு வீட்டில் பதினொன்று சம்மதம்.

மிச்சம் ஒருவர், தரைத்தளத்துச் சிற்பி. லிஃப்டுக்கு இடம் இருப்பதே அவர் பட்டறை ஜன்னலை ஒட்டித்தான். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டாயிற்று. அவருடைய கல் நாலு மாடி ஏறாது. எங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ எல்லா வீடும் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதியவன் நான். கூட்டம் சேர்ந்துகொண்டு யாரும் ஒருத்தனை மிதிக்கக் கூடாது என்று வீராவேசமாகப் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். விதியை மாற்றவும் எல்லாக் கையும் வேண்டும்; அதையும் நானேதான் எழுதித் தொலைத்தேன். சொந்தக் காசில் சூனியம்!

"ஏறி வந்தீங்களே, எப்படி இருக்குன்னு தெரிஞ்சுதா?" என்று சிற்பியிடம் கேட்டேன்.

"தெரியுது சார். அந்த ஜன்னல் வெளிச்சம் போச்சுன்னா நான் கல்லைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதினொரு கை உயர்ந்தது. சிற்பியின் கை மடியிலேயே கிடந்தது. இந்த வருடத் தலைவரான புல்லாங்குழல்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தீர்மானம் நிறைவேறவில்லை என்றார்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று சிற்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"அவரை ஏன் திட்டுறீங்க? எழுதினது நீங்க." அதுவரை வாய் திறக்காத மனைவி எழுந்து, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அரங்கத்துல இன்னிக்கு ஒம்பது பேருக்கு அளவு எடுக்கணும். நான் போறேன்."

"எப்படிப் போவே?"

"உக்காந்துதான்."

வாசலைத் தாண்டி முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஊன்றி, தொப்பென்று அடுத்த படிக்கு இறங்கினாள். எங்கள் மாடிப்படி ஒடுக்கம். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தாண்ட முடியாது. அவளுக்குப் பின்னால் சிற்பி, அவருக்குப் பின்னால் மற்ற வீட்டுக்காரர்கள், கடைசியில் நான். "வழி விடுங்க, நான் அவ பக்கத்துல போகணும்" என்றேன். ஒதுங்க யாருக்கும் இடமில்லை. புல்லாங்குழல்காரரின் கைபேசி அடித்தது. அவசரமாக அதை அணைத்தார்.

முதல் திருப்பத்தில் அவள் அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அவசரமாப் போறவங்க யாராவது இருக்கீங்களா?"

அவள் காலை நீட்டி அடுத்த படிக்கு இறங்கினாள். நாங்கள் எல்லோரும் ஒரு படி இறங்கினோம்.