எண்ணெய் எடுத்த முடிவு

அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. அக்காவுக்கு அது உயிர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் விளங்காமல் போய்விட்டது. கிளட்ச் மிதிக்கிற வண்டி அவளுக்கு ஆகாது. தானாகக் கியர் மாறும் இந்தப் பழைய காரை யாரிடமோ வாங்கி, பல வருடமாக மலையும் மேடும் ஏறி, கிணறு, குழாய், தொட்டி என்று தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து சோதிக்கிற வேலையைச் செய்கிறாள்.

ஒரு மாதமாக அது ஏற்றத்தில் வழுக்கியது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பிறகு தூக்கத்திலிருந்து விழித்த மாதிரி ஒரு குதி குதிக்கும். அக்காவின் அதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதலைத்தான் அவரும் செய்தார். "வண்டி முடியலைன்னா விட்டுடும்மா. உள்ளேயே ஒரு மேசை போட்டுத் தரேன், அலையாம உட்கார்ந்து வேலை பாரு" என்றார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவர் அதைச் சொன்ன அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மெக்கானிக் ஒருவர் கியர் எண்ணெயைத் தொடவே கூடாது என்றார். "இத்தனை வருஷ அழுக்குதாம்மா உள்ளே பிடிச்சுட்டு இருக்கு. புதுசு ஊத்தினா எல்லாம் கழுவிட்டுப் போயிடும்." எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆலோசனை. கேட்காமலே கொடுப்பார்.

அக்கா கியர்பாக்ஸில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் அளவுகம்பியை உருவி, நுனி எண்ணெயை வெள்ளைத் தாளில் தடவி முகர்ந்து பார்த்தாள். தண்ணீரை முகர்ந்தே பாதி சொல்லிவிடும் மூக்கு அது.

"சிவப்பு நிறம் போயிடுச்சு. ஆனா கருகின வாசனை இல்ல. பிழைச்சுக்கும். மாத்திடலாம்."

"யாரு மாத்தறது?"

"நீதான். என்னால கீழே படுத்து எழுந்திருக்க முடியுமா?"

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போடுவேன், கட்டுப் போடுவேன். கார் அடியில் படுப்பேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பழைய போர்வையை விரித்துப் படுத்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். கியர்பாக்ஸின் அடித்தட்டில் சுற்றிலும் போல்ட்டுகள். ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தளர்த்தச் சொன்னாள். தட்டு சாய்ந்தது. எண்ணெயில் பாதி வாளிக்குள் விழுந்தது, மீதி என் சட்டைக் கைக்குள் போனது. அக்காவைத் திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை.

தட்டின் அடியில் ஒரு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் குழைவாக ஏதோ படிந்திருந்தது. தொட்டால் கண்மை மாதிரி விரலில் ஒட்டியது.

"தேய்ச்சுப் பாரு. நெருடுதா?"

"இல்ல. மெத்துனு இருக்கு."

"தூளா இருந்தா வயசு. துண்டா இருந்தா நோய்" என்றாள். அவள் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

வடிகட்டியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தேன். பார்த்தபடியே கிடந்தேன். வெளுத்த உலோகக் கட்டி ஒன்று. அதில் வாய்க்கால் வாய்க்காலாகப் புடைத்த கோடுகள், ஒன்றை ஒன்று தாண்டி, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடின. அறுவை அறையில் திறந்த வயிறு பார்த்தவள் நான், எதற்கும் சட்டென்று வாய் பிளக்கிறவள் இல்லை. அன்றைக்குப் பிளந்தேன்.

"அக்கா, இதுல கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?"

"இவ்ளோ பழைய வண்டியில அதெல்லாம் கிடையாது. நான் மிதிக்கிற மிதிக்கும், போற வேகத்துக்கும் ஏத்த மாதிரி எண்ணெயோட அழுத்தம் மாறும். அது அந்தப் பாதையில ஓடி, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைத் தள்ளும். எது ஜெயிக்குதோ அந்தக் கியர்."

"அப்போ யோசிக்கிறது யாரு?"

"எண்ணெய்தான்."

என் சட்டைக் கைக்குள் வழிந்து கிடந்ததை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நாள் இதையா ஓட்டை வண்டி என்றேன் என்று வெட்கமாக இருந்தது.

புது வடிகட்டி போட்டு, தட்டை மூட்டி, காரைத் தரையில் இறக்கினோம். அக்கா பழைய எண்ணெயைத் தன் அளவுக் குடுவையில் ஊற்றிக் கணக்குப் பார்த்து, துளி கூடாமல் குறையாமல் அதே அளவு புதுசை அளவுகம்பிக் குழாய் வழியாக ஊற்றினாள். கம்பியைப் பார்த்தாள். நிறைவுக் கோடு. ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, கியரைத் தள்ளினாள்.

கார் அசையவில்லை. பின்னுக்குப் போட்டாள், அதற்கும் அசையவில்லை. எஞ்சின் மட்டும் கத்தியது. அணைத்துவிட்டுக் கம்பியைப் பார்த்தால் கோட்டுக்கும் மேலே நின்றது எண்ணெய்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஆலோசனை, வாசலிலிருந்து.

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "சரி விடு. மேசைன்னா மேசை" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

எனக்கு வந்த கோபத்துக்கு ஆலோசனைதான் கிடைத்தார். "சார், செத்தவங்களுக்குக் கையில பட்டை கட்டி பிரஷர் பார்க்க முடியுமா" என்று சீறினேன். அவர் எப்போதும் சொல்கிற அபத்தத்துக்கு ஒரு பதிலடி, அவ்வளவுதான். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. நாங்களும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தானே அளவு பார்த்தோம்.

"அக்கா, எஞ்சினைப் போடு. ஓடும்போது கம்பியைப் பார்க்கணும்."

"ஓடும்போது பார்க்கவே கூடாதுடி. வண்டி கத்துக்கும்போதே சொல்லிக் கொடுத்தாங்களே. இத்தனை வருஷமா நிறுத்தி வச்சுத்தான் பார்க்கிறேன்."

"அது எஞ்சின் எண்ணெய்க்கு. இது அழுத்தத்துல வேலை பார்க்கிறது. நின்னா எல்லாம் கீழே வடிஞ்சு வந்து நிறைஞ்ச மாதிரிதானே காட்டும்?"

அக்கா சாவியைத் திருப்பினாள். கியர்க் கம்பியை ஒவ்வொரு நிலைக்கும் மெல்ல நகர்த்தி, நிறுத்து நிலையில் விட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நான் பானட்டுக்குள் கையை விட்டு அளவுகம்பியை உருவினேன். நுனியில் ஈரமே இல்லை.

வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. வாராவாரம் பார்த்தும் நிறைவு என்றே நம்பியிருக்கிறாள். இன்றைக்கு என் சட்டைக் கைக்குள் போனதும் குடுவைக் கணக்கில் வரவில்லை, இருந்த கொஞ்சமும் குறைந்துவிட்டது. காலி வயிற்றோடு அது இத்தனை ஏற்றம் ஏறியிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காருக்காக அழுதேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்கிறேன், அழுதேன்.

எஞ்சின் ஓட ஓட ஊற்றினேன். குடித்தது. மறுபடி ஊற்றினேன், அதையும் குடித்தது. கம்பியில் கோட்டுக்குச் சற்றுக் கீழே சிவப்பு தெரிந்ததும் நிறுத்தினேன். அக்கா பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரைப் போட்டாள். கார் லேசாக ஒரு இழுப்பு இழுத்தது, கையைப் பிடித்து வா என்கிற மாதிரி.

"ஏறு" என்றாள்.

நீர்த்தொட்டி இருக்கிற மேட்டுக்கு விட்டாள். வழுக்குகிற இடம் அதுதான். நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் ஏறியது. அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். எங்களுக்குக் கீழே, நான் பார்த்த அந்த வாய்க்கால்களுக்குள், சிவப்பு எண்ணெய் இந்த மேட்டையும் அவள் மிதியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தது. வீடுகள் கீழே இறங்கின. சத்தம் தணிந்திருந்தது.

"கியர் எப்போ மாறும்?" என்றேன்.

"மாறி ரொம்ப நேரமாச்சு."

இந்த மேட்டை நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது நான் ஓடி ஏறுவேன். அவள் அடிவாரத்தில் பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது நான் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.