ஒருவர் பார்க்கிறார்

...நேரலைப் பிரிவு தொடங்கிய காரணம் என்று போன் படிவத்தில் ஒரு கட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறார்களே, சிப்காட் தாண்டியதிலிருந்து நவ்ஷாத் அதில்தான் முட்டிக்கொண்டிருந்தான், ஆண்டு எழுதியாயிற்று, முதல் நேரலை எழுதியாயிற்று, அதுவும் மாமா சொன்ன பொய், சிதம்பரம் தேரோட்டமாம், காரணம் கேட்டால் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காலத்துக்கு ஏத்த வளர்ச்சின்னு போடுடா" என்கிறார். கெடிலம் கேபிள் டிவி என்று கடலூர் பூராவும் ஒயர் இழுத்த மனுஷன் இந்த ரஃபியுதீன் மாமா, அவருடைய நேரலை ஆப்பை இப்போது சென்னைக் கம்பெனி வாங்கிக்கொள்கிறது, பதினொன்றரைக்கு சிதம்பரம் ஆபீசில் வந்து உட்காரப்போகிறார்கள், நேரலைப் பிரிவின் வரலாறு இரண்டு பக்கம் வேண்டுமாம், கூடவே முக்கியமான வீடியோ பத்து, அந்தப் பத்துதான் எல்லோரும் பார்க்கும்படி புது ஆப்புக்குப் போகும், மீதியெல்லாம் இன்று சாயங்காலமே அழியும். ஒன்பது போட்டாயிற்று, வடலூர் ஜோதி, மாதா கோயில் தேர், புயலன்று துறைமுகத்தில் எடுத்தது... பத்தாவது?

பத்தாவதுதான் உண்மையில் முதலாவது, அது அவர்களுக்கு எங்கே தெரியும், மங்கலம்பேட்டை மண்டபத்தில் மாமா மகள் மெஹ்ரீனுடைய நிக்காஹ், அண்ணன்காரன் ஜாபிர் இல்லை, இனிமேல் கேபிள் நிக்காது அத்தா, எல்லாம் நெட்டுக்குப் போயிடும் என்று சொல்லி மாமாவிடம் கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு குவைத்துக்குப் போனவன். "வெளிநாட்டுச் சொந்தக்காரங்க பாக்கட்டும், நெட்டுல வுடுடா" என்றார் மாமா, சொந்தக்காரங்களாம், பிள்ளை பேரைச் சொன்னால் நாக்கு சுட்டுவிடுமா என்ன... நவ்ஷாத் போனை ஸ்டாண்டில் மாட்டினான், நிக்காஹ் முடிந்தது, நிறுத்தப்போகிற நேரம் பார்த்து சகன் வைத்துவிட்டார்கள், ஒரு பெரிய தட்டுக்கு நாலு பேர், மூன்று பேர் உட்கார்ந்து, நாலாவது ஆளுக்காகச் சோற்றில் கை வைக்காமல் அண்ணாந்து பார்த்தால் எவனுக்குத்தான் போன் ஞாபகம் வரும், ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டான். ஒன்றேமுக்கால் மணி நேரம் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது, வெறும் மண்டபம், யாரோ ஜமுக்காளம் மடிக்கிறார்கள், கடைசியில் மாமாவின் மனைவி அமீருன்னிசா மாமி வருகிறாள், போட்டோ என்றாலே முந்தானையை முகத்துக்கு இழுக்கிற மாமி, ஓடுவது தெரியாமல் போன் கண்ணாடியில் பட்டிருந்த தூசியை அதே முந்தானையால் துடைக்கிறாள், திரை முழுக்க முகம், பதினோரு விநாடி, யாரிடமோ சொல்கிறாள், "எல்லாரும் சாப்புட்டாங்க, எம்புள்ளதான் சாப்புடல." அவ்வளவு நேரமும் திரை மூலையில் ஒரே வரி, ஒருவர் பார்க்கிறார்.

திட்டு விழும் என்று நினைத்தால் மாமா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார், மறு மாதம் நேரலைப் பிரிவு என்று போர்டு மாட்டிவிட்டார். வீடியோவை நவ்ஷாத் பூட்டிவிட்டான், லிங்க் அவனிடமும் மாமாவிடமும் ஜாபிர் மச்சானிடமும் மட்டும்தான். மாமி போய் மூன்று வருஷம், தினமும் காலை பத்து மணி வாக்கில் ஆப்பின் உள்பக்கத்தில் அந்த வீடியோவுக்கு நேரே ஒருவர் பார்க்கிறார் என்று அந்த ஒன்று வந்துவிடும், மாமாதான், மாமி மவுத்துக்கே வராதவனா பார்க்கப்போகிறான், பாவம், தனியாக அழுதுவிட்டுப் போகட்டும் என்று அந்த நேரத்தில் மாமா ரூம் பக்கமே போகமாட்டான். பத்தில் சேர்த்தால் ஊரே மாமி முகத்தைப் பார்க்கும், மாமி பொறுக்கமாட்டாள், சேர்க்காவிட்டால் அழிந்துபோகும்... அதற்குத்தான் நேற்றே பென்டிரைவில் காப்பி எடுத்து வைத்துவிட்டான், கெட்டிக்காரன்தான், கூட்டம் முடிந்ததும் மாமா கையில் கொடுத்துவிடலாம். ஆலப்பாக்கத்தில் மணி பத்து, பழக்க தோஷம், ஆப்பின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தான், ஒருவர் பார்க்கிறார், சரி என்று மூடப்போனான்... மாமா பக்கத்தில் அல்லவா இருக்கிறார், இரண்டு கையும் மடியில், போன் சட்டைப்பையில்... அப்படியானால்?

"மாமா..." ரஃபியுதீன் திரும்பக்கூட இல்லை. "ஒண்ணு வந்துடுச்சா? அங்க குவைத்துல இப்ப ஏழரை. கம்பெனி பஸ்ல ஏறியிருப்பான்." இத்தனை நாளும் யாருக்கு ஒதுங்கி வழிவிட்டேன் நான், "நீங்க பாக்கறதே இல்லியா மாமா?" "நான் போனா ரெண்டுன்னு காட்டும்டா. நான்தான்னு தெரிஞ்சா மூடிட்டுப் போயிடுவான். அதான் நீ அந்தாண்ட போனதும் உன் ஸ்கிரீன்ல அந்த ஒண்ண மட்டும் பாத்துக்கறது." பென்டிரைவ் தொடையில் உறுத்தியது, அதில் மாமி வருவாள், இந்த ஒன்று வராதே, இதை எதில் காப்பி எடுப்பது, "ஒரு போன் போட்டு மச்சான்கிட்ட பேசுங்களேன்" என்றால், "என்னான்னு? நீ சொன்னதுதான் சரின்னா? அதத்தானேடா இத்தினி வருஷமா நடத்திக் காட்டுனேன்" என்கிறார், மாமாவுக்கு இப்படிக்கூடப் பேச வருமா. பிறகு போனை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், தேடித் தேடி ஒரு விரலால் அழுத்தினார், மாமியின் மண்டபம் அந்தக் கையில் திறந்துகொண்டது, நவ்ஷாத்தின் போனில் ஒன்று இரண்டாயிற்று.

இதோ போய்விடுவான், இப்போது ஒன்றாகிவிடும், இப்போது... புதுச்சத்திரம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மாமா நவ்ஷாத்தின் போனைப் பார்க்காமலே, "இருக்கானா?" என்றார். "இருக்கான் மாமா." காரணம் என்ற கட்டத்திலிருந்த வளர்ச்சியை நவ்ஷாத் ஓரோர் எழுத்தாக அழித்தான், அந்த இடத்தில் என்ன எழுதுவது, எழுதினால் அவர்களுக்கு என்ன புரியும், தெரியவில்லை, பஸ் கிளம்பியது, இரண்டு இரண்டாகவே இருந்தது.