எண்ணெய் படாத கையகல இடம்

போர்ட் கிலிஸில் அக்டோபர் பிறந்துவிட்டால் மனிதர்களுக்குத் தங்கள் வயிற்றைவிட வண்டியின் வயிற்றைப் பற்றித்தான் கவலை. பின்னே? நவம்பர் கடைசியில் பனி விழும். விழுந்த மறுநாளே அது உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், ஏப்ரல் வரை கொட்டிக்கொண்டே இருப்பார்கள். போதாக்குறைக்குக் கடல்காற்று வேறு. கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவின் மேற்குக் கரையில் அடியில் எண்ணெய் அடிக்காத வண்டி ஐந்தாவது வருஷம் துருப்பிடித்துப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவனை நம்பி முட்டைகூட வாங்காதே என்பாள் மர்டீனா ரேங்கின். அவள் அப்படித்தான் சொல்வாள், எண்ணெய் அடிக்கிறவளே அவள்தானே.

மர்டீனாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை, கொட்டகைக்குள் வண்டி தூக்கும் லிஃப்ட், ஆட்டு ரோமக் கொழுப்பு கலந்த எண்ணெய் நான்கு பீப்பாய். இருபத்திரண்டு வருஷமாக அவள் இரண்டு சட்டங்களை விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்று, வண்டியின் அடியில் ஊசிமுனை இடம்கூட எண்ணெய் படாமல் இருக்கக் கூடாது. இரண்டு, எண்ணெய் அடித்த வண்டி மூன்று நாள் சொட்டும், ஆகவே எந்தக் கொம்பனும் அவள் வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட தார்த்தரையில் நிறுத்தக் கூடாது. போன மாதம் பாதிரியார் தெரியாமல் நிறுத்திவிட்டார். கையில் துடைப்பத்தோடு அவரைத் தெருமுனை வரை துரத்தினாள், அடுத்த ஞாயிறு அவரிடமே போய்ப் பாவமன்னிப்பும் கேட்டாள். சட்டம் என்றால் சட்டம்.

அந்த முதல் சட்டத்தைத்தான் போன வருஷம் அவளே மீறியிருந்தாள். ஒரே ஒரு வண்டியில், ஒரே ஒரு கையகல இடத்தில். ஏன் மீறினாள் என்பதைப் பொறுங்கள், சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டரைக்கே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்ணெய்க்கறை பிடித்த வேலையுடுப்பைக் களைந்துவிட்டுத் துவைத்ததைப் போட்டுக்கொண்டாள். இன்னும் அரை மணியில் அதுவும் எண்ணெயாகத்தான் போகும், இருந்தாலும்! டெலிபோனைப் பார்த்துக்கொள்ளச் சனிக்கிழமைகளில் வரும் தங்கை எஃபி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் அவள் கோஆப் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். ஊர்ச் சேதி எல்லாம் அவள் கைவழியாகப் போய்த்தான் ஊருக்குத் தெரியும்.

"அக்கா, சேதி தெரியுமா? உன் ஒம்பது மணி ஆளு ஊரைவிட்டே போறாராம்."

"யாருடீ என் ஆளு?"

"நீலப் பிக்கப் லாக்லின். ஊர்ல நாலு லாக்லின் இருக்காங்க, நீ யாருக்குத் துவைச்ச சட்டை போடுறேன்னு எனக்குத் தெரியாதா?"

மர்டீனா சட்டென்று திரும்பினாள். "எங்க போறாராம்?"

"விமானம் ஏறி ஆல்பர்ட்டாவுக்கு, மகள்கிட்ட. ஆளுக்கு மூளை கலங்கிருச்சுன்னு யாரோ அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. பொய்யில்லக்கா, நானே பாத்தேன். கடை வாசல்ல ரொட்டி வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாக்கிறார்! பாதிரியார் வண்டியக் கிளப்பப் போனா அடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டிருக்கு. ஆள் மேல ஏத்திட்டேன்னு அவர் அலறின அலறல் கடல் வரைக்கும் கேட்டுச்சாம். மகள் பயந்துபோய் வியாழக்கிழமைக்கு டிக்கெட்டே போட்டுட்டா."

வியாழக்கிழமை! மர்டீனா பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

லாக்லின் சிங்கி இறால் பிடிக்கிறவர், மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு அக்டோபரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நீலப் பிக்கப்பைக் கொண்டுவருவார். கூடவே தானே சுட்ட வெல்லப்பாகு பிஸ்கெட் ஒரு டப்பா. ஒரு மணி நேரம் நிற்பார், கடலைப் பற்றி நாலு வார்த்தை, வானத்தைப் பற்றி நாலு வார்த்தை, அதோடு சரி. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மர்டீனா மிச்ச வருஷத்தை ஓட்டினாள். ஆசை இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. ஊரையே அதட்டுகிற வாய்க்கு அந்த ஒரு ஆளிடம் மட்டும் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும்.

போன வருஷம் தாங்க முடியவில்லை. வண்டி மேலே தூக்கி நின்றபோது, பின்பக்க இரும்புச் சட்டகத்தின் உட்புறம், யாரும் பார்க்க முடியாத மூலையில், கையகல இடத்தை எண்ணெய் படாமல் விட்டு, டயருக்குக் குறி போடும் மஞ்சள் மெழுகுக் கட்டியால் ஒரு சின்ன இதயம் வரைந்தாள். எண்ணெய் இல்லாத இடம். கிறிஸ்துமஸுக்குள் உப்பு அரித்துவிடும், அடையாளம் இருக்காது என்ற தைரியம். வரைந்ததென்னவோ வரைந்துவிட்டாள், அதற்குப்பிறகு பன்னிரண்டு மாதமும் அந்த இடம் துருப்பிடிக்குமே என்ற குற்ற உணர்ச்சியில் தூக்கத்தில் புரண்டாள். காதலும் துருவும் ஒரே இடத்தில் பிடித்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது நீலப் பிக்கப் வந்து நின்றது. லாக்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டே இறங்கினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"வாங்க" என்றாள் மர்டீனா. "ஆல்பர்ட்டாவுக்குப் போறீங்களாமே?"

"மகள் போட்டுட்டா டிக்கெட்ட." பிஸ்கெட் டப்பாவை நீட்டினார். "இந்தத் தரம் கொஞ்சம் கருகிப்போச்சு. மனசு ஒரு எடத்துல இல்ல."

"போறவருக்கு எதுக்கு எண்ணெய்?"

"வண்டி என்ன பாவம் செஞ்சுது?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

லிஃப்ட் முனகிக்கொண்டு வண்டியை மேலே ஏற்றியது. மர்டீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கோடு அடியில் புகுந்தாள். முதலில் போனது அந்த மூலைக்குத்தான். துரு எவ்வளவு ஆழம் போயிருக்குமோ, எத்தனை ஓட்டையோ?

விளக்கைத் திருப்பினாள். மஞ்சள் இதயம் அப்படியே இருந்தது, நேற்று வரைந்ததுபோல! கோடு மங்கவில்லை, ஓரம் உதிரவில்லை. சுற்றிலும் பெயிண்ட் பளபளத்தது. பொட்டுத் துரு இல்லை.

அவள் நம்பவில்லை, விரலால் தடவினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள், தொழில்காரி அல்லவா, உப்பே கரிக்கவில்லை. விளக்கை நாலாபக்கமும் வீசினாள். போன வருஷம் எண்ணெய் அடித்த கையோடு, அது வழியாமல் நிற்க மண்ரோட்டில் ஓட்டி ஒட்டவைத்த புழுதி, அந்தப் புழுதிகூடக் கலையாமல் கிடந்தது. எந்த எண்ணெயும் இப்படிக் காக்காது. இத்தனை வருஷமும் எல்லாம் தன் எண்ணெயின் மகிமை என்றே நினைத்திருந்தாள், ஆனால் அவள் எண்ணெய்கூட இப்படிக் காக்காது! இந்த வண்டி ஒரு நாள்கூட உப்பு ரோட்டில் போகவில்லை.

"லாக்லின்!" அடியிலிருந்தே கத்தினாள். "குளிர்காலத்துல இந்த வண்டிய ஓட்டறதே இல்லியா?"

வெளியே அவருடைய பூட்ஸ் இரண்டும் ஒன்றையொன்று மிதித்தன.

"கேக்கிறேன்ல?"

"நவம்பர்லயே களத்துக் கொட்டாயில ஏத்தித் தார்ப்பாய் போட்டுருவேன்."

"அப்ப எதுல போறீங்க?"

"வெள்ளைக் கார்ல."

அந்த வெள்ளைக் காரை ஊருக்கே தெரியும். ஒரு கதவு கயிற்றில் நின்றது.

"அது அடியில என்ன இருக்கு?"

"பலகை இருக்கு," என்றார் லாக்லின் மெதுவாக. "பலகைக்கு நடுவுல ரோடு தெரியும். ஜனவரில சாக்ஸ் நனையும், அவ்வளவுதான்."

எஃபி வாயில் இருந்த பிஸ்கெட் புரையேறி இருமினாள். மர்டீனா அடியிலிருந்து வெளியே வந்தாள். "ஏன்யா, உங்களுக்குப் புத்தி இருக்கா? நனைஞ்ச காலோட அந்தத் தகரத்துல போயிட்டு, உப்பே படாத வண்டிக்கு ஒம்பது வருஷமா எண்ணெய் அடிச்சிருக்கீங்க! எதுக்கு?"

"மொத வருஷம் நீங்கதான் சொன்னீங்க." அவர் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். "இந்த மாவட்டத்துலயே இதைவிட அழகான அடிவயிறு பாத்ததில்லன்னு. நீங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் அதைக் கொண்டுபோய் உப்புல விட எனக்கு மனசு வரல. விட்டா அடுத்த வருஷம் வந்து எந்த மூஞ்சியக் காட்டுறது?"

பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மார்ச் மாசம் தார்ப்பாயில எலி பூந்துருச்சுன்னு அடியில படுத்துப் பாத்தேன். அப்பத்தான் அதைப் பாத்தேன். மஞ்சளா."

மர்டீனாவின் முகம் கழுத்துவரை சூடேறியது.

"ஏழு மாசம் தூக்கம் போச்சு," என்றார் லாக்லின். "எனக்குன்னு போட்டதா, இல்ல எல்லா வண்டிக்கும் போடுற கம்பெனி முத்திரையா? கேக்கவும் பயம். அதான் நீங்க எண்ணெய் அடிச்ச வண்டி ஒவ்வொண்ணா படுத்துப் பாத்தேன். ரொட்டி வண்டி, போஸ்ட் வண்டி, பாதிரியார் வண்டி, மொத்தம் பதினேழு. ஒண்ணுலயும் இல்ல."

"ஐயோ கடவுளே!" எஃபி கைதட்டிக் கூவினாள். "அதுக்குத்தான் காலை நீட்டிப் படுத்தீங்களா? உங்க மகள் டாக்டர்கிட்ட எல்லாம் நேரம் வாங்கி வெச்சிருக்கா!"

மர்டீனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எண்ணெய்க் கையால் வாயைப் பொத்தினாள், மூக்கு முழுக்க எண்ணெய் ஆனது, அதைப் பார்த்து அவர் சிரித்தார், அவர் சிரித்ததைப் பார்த்து இவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷம். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்?

"பதினேழு வண்டி பாத்தீங்கல்ல, பதிலும் தெரிஞ்சுதுல்ல?" என்றாள். "பின்ன என்ன வியாழக்கிழமை?"

"நீங்க வாயத் திறந்து போகாதேன்னு சொல்லல."

"போகாதீங்க!" என்று கத்தினாள் மர்டீனா. கொட்டகைக் கூரையில் இருந்த கடல்புறாக்கள் எழுந்து பறந்தன.

எண்ணெயை அவள் அடித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கதவுக்கடியில், சக்கர வளைவில், பின்கதவின் ஓட்டைக்குள் குழாயை விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று. அந்தக் கையகல இடத்தை மட்டும் இந்த வருஷமும் விட்டுவிட்டாள். சட்டமாவது ஒன்றாவது!

எண்ணெய் அடித்ததும் வண்டிக்காரர் ஆறு மைல் மண்ரோட்டில் ஓட்டிப் புழுதியை ஒட்டவைக்க வேண்டும். எல்லோரும் தனியாகத்தான் போவார்கள். மர்டீனா வேலையுடுப்போடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பத்தரைக்குப் பள்ளி வாத்தியார் வண்டி வருதேக்கா!"

"இன்னொரு நாள் வரச் சொல்லு. இல்ல, அந்தாளத் துருப்பிடிக்கச் சொல்லு!"

மண்ரோட்டில் நீல வண்டி குதித்தது, சறுக்கியது, பின்னால் வீடளவு புழுதி எழும்பியது. "இன்னும் வேகமா! புழுதி பத்தல!" என்று அவள் டாஷ்போர்டைத் தட்டினாள். ஆறு மைல் போதும், அவர்கள் இருபது மைல் போனார்கள். வேலியோரம் நின்ற பசுக்கள் உட்பட ஊர் முழுக்கப் பார்த்தது. பாலத்தருகே நிறுத்தி லாக்லின் மகளுக்குப் போன் போட்டார்.

"டிக்கெட்ட ரத்து பண்ணும்மா."

"அப்பா! மறுபடி வண்டிக்கு அடியில படுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா, இன்னிக்கு உள்ளதான் உக்காந்திருக்கேன். பக்கத்துல ஆளும் இருக்கு."

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு அழைத்துப்போக லாக்லின் வந்தார். வந்தவர் சந்தோஷத்தில் யோசிக்காமல் நீலப் பிக்கப்பை அந்தப் புதுத் தார்த்தரையில், நட்ட நடுவில் நிறுத்திவிட்டார். டொக், டொக் என்று எண்ணெய் விழ ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தார் சர்ச்சுக்குப் போகிற வேளை. ஒவ்வொருவராக நடை தளர்ந்தார்கள், துடைப்பம் எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தார்கள்.

எஃபி பதறிக்கொண்டு அட்டைப்பெட்டியைக் கிழித்து எடுத்து ஓடிவந்தாள். "அக்கா, கறை போவாதுக்கா! இந்த வழியாப் போறவன் வர்றவன்லாம் பாத்துட்டு, ராத்திரி பூரா லாக்லின் வண்டி இங்கதான் நின்னுச்சும்பான்! ஊர் வாய மூட உலைமூடியா இருக்கு?"

மர்டீனா நல்ல உடுப்பில், தொப்பியோடு வாசற்படியில் நின்றாள். தார்த்தரையைப் பார்த்தாள், சொட்டைப் பார்த்தாள், பேந்தப்பேந்த விழித்துக்கொண்டு நின்ற லாக்லினைப் பார்த்தாள். தங்கையின் கையிலிருந்து அட்டையை வாங்கி வேலிக்கு அப்பால் வீசினாள்.

"சொட்டட்டும்டீ," என்றாள்.