வெட்டிப்போட்ட மூச்சு

கோரஸ் அக்காவின் மூச்சுகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில், வீட்டுக்குத் திரும்பி வந்தன. கதவைத் தட்டவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, பாலின் ஆடையை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, கூடத்துக்குப் போய்த் தங்கின. மின்விசிறி ஓடாமலே காலண்டர் தாள் படபடத்தது. கொடியில் கிடந்த ஈரத்துணி கால்மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது. அவள் புருஷன், டிரம்ஸ் வாசிக்கிறவர், பேப்பர் பறக்காமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, "யாரைடி கூப்பிட்டே, இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார். அவள் கரண்டியோடு வந்து நின்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காதுக்குத் தெரிந்துபோயிற்று. உச்சத்துக்கு ஏறுமுன் அடிவயிற்றிலிருந்து இழுக்கிற பெரிய மூச்சு, வரிக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் மூக்கால் எடுத்துக்கொள்கிற குட்டி மூச்சு, அழுகைப் பாட்டின் முடிவில் உடைந்து வெளியே போகிற மூச்சு. எல்லாம் அவளுடையது. பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் இருமல் கூட்டத்திலும் தெரியாதா, அந்த மாதிரி.

இவை வீட்டைவிட்டுப் போன கதை இப்படி. அவள் இருபது வருஷத்துக்கு மேல் ரெக்கார்டிங் கூடங்களில் கோரஸ் பாடினாள். பெரிய பாடகி கண்ணாடி அறைக்குள் தனியாக நிற்பாள். வெளியே நாலு பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று அவளுக்குப் பின்னால் 'ஆ' என்றும் 'ஓ' என்றும் இழுப்பார்கள். பேர் எங்கும் வராது. ஆனால் அன்றைய கூலியை அன்றே கையில் கொடுத்துவிடுவார்கள், அதில் வாடகை ஓடியது. புருஷனுக்கு வேலை நின்று வெகுநாளாயிற்று. சாப்பாட்டு டப்பா அளவு மெஷின் ஒன்று அவரைவிடத் தாளம் தவறாமல் வாசித்தது, டீயும் கேட்கவில்லை. அவருடைய டிரம்ஸ்மேல் மடித்த துணியை அடுக்கி வைத்தார்கள்.

அவளுடைய தம்பி சவுண்ட் இன்ஜினியர். அவன் ஒரு புதுக் கம்பெனியில் சேர்ந்தான். பாட்டு எழுதவும் மெட்டுப் போடவும் பாடவும் மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கிற கம்பெனி. "அக்கா, ஒரு வாரம் வந்து பாடிட்டுப் போ. பெரிய தொகை. ஒரே தவணையா வாங்கிக்கலாம்" என்றான். போனாள். தாலாட்டு பாடச் சொன்னார்கள், ஒப்பாரி பாடச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், கொஞ்சச் சொன்னார்கள். மொழியில் உள்ள எழுத்து அத்தனையையும் எல்லா ஸ்வரத்திலும் சொல்லச் சொன்னார்கள். தொண்டை கட்டினால் தேன் கலந்த வெந்நீர் கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசி நாள் தடிமனான காகிதக் கட்டு ஒன்றை நீட்டினார்கள். "இதுல என்னடா போட்டிருக்கு?" என்று தம்பியைக் கேட்டாள். "எல்லாம் வழக்கமா இருக்கறதுதான்க்கா" என்றான் அவன். வழக்கமானது என்று எவன் சொன்னாலும் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. சொன்னவன் கூடப்பிறந்தவன் ஆயிற்றே. விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அவள் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தபோதே மேலே மேனேஜர் தம்பியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "இடையில புஸ்ஸு புஸ்ஸுனு வருதே, அது என்ன?" என்றார். மூச்சு என்றான் தம்பி. "குப்பை. எல்லாத்தையும் எடுத்துடு. மெஷினுக்கு மூச்சு எதுக்கு?" அந்த வேலை பார்க்கிற யாரும் மூச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்குவார்களே தவிர அடியோடு எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பாட்டு பிளாஸ்டிக் பூ மாதிரி ஆகிவிடும். தம்பிக்கு இது தெரியும். தெரிந்துதான் வெட்டினான். மாசச் சம்பளம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக வெட்டும். வெட்டியதைத் தனியாக ஒரு மூலையில் போட்டு வைத்தான்.

அதற்குப் பிறகு அவள் குரல் ஊரெல்லாம் சுற்றியது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்குப் பாடியது, எலி மருந்துக்குப் பாடியது. அவள் கண்ணால் பார்த்திராத கட்சிக்கு ஓட்டுக் கேட்டது. ஐந்தாவது மாடி வந்துவிட்டது என்று லிஃப்டில் ராகம் போட்டுச் சொன்னது. படங்களில் அது கோரஸ் பாடியது. அத்தோடு நிற்காமல் முன்னால் போய்ப் பெரிய பாடகியின் இடத்திலும் நின்றுகொண்டது. கோரஸ் அக்காவை யாரும் கூப்பிடுவதில்லை. பழகிய இசையமைப்பாளர் ஒருவரிடம் போய்க் கேட்டாள். அவர் அன்பாகத்தான் சொன்னார், "உங்க குரல்தான் எங்ககிட்டயே இருக்கேம்மா, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணும்?" வாடகைக்குக் கடன் வாங்கினாள். தவணை தவறிய மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்தால் அவள் குரலே அவளை மிரட்டியது. பணம் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்று, தாலாட்டுக்கு வைத்திருந்த குழைவோடு சொன்னது. அவள் போனைக் கீழே வைக்கவும் முடியாமல் காதில் வைக்கவும் முடியாமல் நின்றாள். "நீயே உன்னைத் திட்டிக்கறதுக்கு நடுவுல கம்பெனிக்காரன் கமிஷன் வேற எடுக்கறான் பாரு" என்றார் டிரம்ஸ்காரர். அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. அவளே மெட்டுக் கட்டிய ஒரு பாட்டை, டிரம்ஸ்மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு அவர் வாசிக்க, இருவருமாகப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். மறுநாள் காலை பாட்டைக் காணோம். இந்தக் குரல் வேறொருவருக்குச் சொந்தம், திருட்டுக் குரலில் பாடக் கூடாது என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது.

அவள் கம்பெனிக்குப் போனாள். மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட்டோடு டீ கொடுத்து, மேனேஜர் காகிதக் கட்டை அவள் பக்கம் திருப்பினார். "குரலை முழுசா, காலத்துக்கும், கொடுத்துட்டீங்க மேடம். இதோ உங்க கையெழுத்து. அழகா இருக்கு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி தலையைக் குனிந்தபடி ஏதோ வேலை செய்வதுபோல இருந்தான். அவள் டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள். அதன் பிறகு தம்பியின் போனை அவள் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் தேவையில்லை, அவன் போடவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை கம்பெனியில் இடம் போதவில்லை என்று பழைய குப்பைகளை அழிக்கச் சொன்னார்கள். மூலையில் கிடந்த மூச்சுகளைத் தம்பி அழித்தான். அழித்தால் இல்லாமல் போகும் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். மறுநாள் காலை அவை பால் பொங்குகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததைத்தான் முதலில் சொன்னது.

அதே காலையில் ஊரில் இன்னொன்று தொடங்கியது. மெஷின் அவள் குரலில் பாடுவதைக் கேட்டவர்களுக்குப் பாட்டு முடியும்வரை மூச்சு வரவில்லை. பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் கேட்கிறவரும் எடுக்கிறார். இந்தப் பாட்டில் அந்த இடமே இல்லை. இத்தனை நாள் கம்பெனியின் மூலையிலாவது அந்த மூச்சுகள் கிடந்தன, மெஷின் எப்படியோ சமாளித்தது. இப்போது அதுவும் போயிற்று. லிஃப்டில் ஏறியவர்கள் கன்னம் உப்ப, கண் பிதுங்க ஐந்தாவது மாடியில் விழுந்தடித்து வெளியே வந்தார்கள். சினிமாக் கொட்டகையில் டூயட் நடக்கும்போது மூன்று வரிசை மயங்கிச் சாய்ந்தது, சண்டைக் காட்சி வந்ததும் எழுந்து உட்கார்ந்தது. எண்ணெய் விளம்பரம் சின்னது என்பதால் பெரிய சேதம் இல்லை. யாரும் சாகவில்லை. ஆனால் காசு கொடுத்து மூச்சுமுட்ட யாருக்கும் ஆசை இல்லை, வியாபாரம் படுத்துவிட்டது. டாக்டர்கள் தூசு என்றார்கள். கம்பெனி வேறு மூச்சுகளை ஒட்டிப் பார்த்தது. ஆபீஸ் பையனுடையது, வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுடையது, ஏதோ வெளிநாட்டிலிருந்து மொத்த விலைக்கு வாங்கியது. எதுவும் ஒட்டவில்லை. மேனேஜரே தன் மூச்சைக் கொடுத்தார். காதல் பாட்டு, மூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற ஆள் பாடியது மாதிரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். கையில் மைக், தோளில் பை. கூடத்தில் கால் வைத்ததும் அவன் தலைமுடி பறந்தது. என்னவென்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, வெட்டிய கை ஆயிற்றே.

"வாங்க மச்சான்" என்றார் டிரம்ஸ்காரர். "போன வாட்டி குரலை எடுத்துட்டுப் போனீங்க. இந்த வாட்டி என்ன, கல்லீரலா?"

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. அக்கா, அஞ்சு நிமிஷம். சும்மா மைக் முன்னாடி மூச்சு விட்டாப் போதும். வேலை போயிடும்க்கா எனக்கு."

"எனக்குப் போனப்ப எங்கடா இருந்தே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தே?"

"நான் என்ன பண்ண முடியும்? சொன்னதைச் செஞ்சேன்."

"சொன்னதைச் செய்யறதுக்குத்தான் மெஷின் இருக்கே. நீ எதுக்கு?"

அவன் மைக்கைப் பைக்குள் வைத்தான். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, ஒரு தலையணை உறையைக் கழற்றி மூச்சுகளை அதற்குள் அமுக்கினான். உறை உப்பியது. வாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு படி இறங்கினான். தெருமுனை போவதற்குள் அது சுருங்கித் துணியாகத் தொங்கியது. திரும்பி வந்தபோது மூச்சுகள் அவனுக்கு முன்னால் வந்து கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவன் வாசற்படியில் உட்கார்ந்து, நாலைந்து நாளாக ஆபீஸில் அவள் குரலையே கேட்டுக் கேட்டு அடைத்துப்போன நெஞ்சைத் தடவினான். அக்கா தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

கடைசியில், தம்பி இன்னும் வாசற்படியில் இருக்கும்போதே, மேனேஜரே வந்தார், வக்கீலையும் கூட்டிக்கொண்டு. குரலை வாங்கினால் மூச்சும் அதோடு சேர்த்தி என்றார் வக்கீல். மாட்டை வாங்கினால் கயிறும் சேர்ந்து வருகிற மாதிரி அவர் சாதாரணமாகச் சொன்னார். அப்போது தம்பி வாசற்படியிலிருந்து எழுந்தான். "சார், குப்பைனு சொல்லி எடுக்கச் சொன்னது நீங்க. அழிக்கச் சொன்னதும் நீங்க. நீங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டது இது. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. மேனேஜர் அவனை முறைத்துவிட்டு, சிரித்த முகத்தை அவள் பக்கம் திருப்பி ஒரு தொகை சொன்னார். போன தடவைபோல ஒரே தவணை. கடனை அடைத்து வீடே வாங்கலாம். டிரம்ஸ்காரர் எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது.

"ஒரே தடவையா வாங்கிக்கிட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தேன்" என்றாள் கோரஸ் அக்கா. "ஒவ்வொரு பாட்டுக்கும் என்னை வந்து கேக்கணும். பாட்டு ஓடற வரைக்கும் எனக்குப் பங்கு வரணும். என் பேரைப் போடணும். நான் பாடிப் போடற பாட்டை இணையத்துல இருந்து எவனும் தூக்கக் கூடாது. கடன்காரனுக்கும் எலி மருந்துக்கும் கிடையாது."

"எலி மருந்து நல்ல கிளையன்ட் மேடம்."

"அப்ப நீங்க பாடுங்க."

காகிதம் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. கூடப் பாடிய மூன்று பெண்களுக்கும் சொல்லி அனுப்பினாள். அவர்களும் அவளைப்போலக் கம்பெனிக்குக் குரலை விற்றவர்கள்தான். அதற்குள் அவர்கள் வீடுகளிலும் துணி சீக்கிரம் காயத் தொடங்கியிருந்தது. நால்வரும் பாயில் உட்கார்ந்து வரி வரியாக உரக்கப் படித்தார்கள், புரியாத வார்த்தை வந்தால் வக்கீலை எழுப்பிக் கேட்டார்கள், சந்தேகம் வந்த வரியை அடித்தார்கள். பொழுது சாய்கிறவரைக்கும் மேனேஜர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் கம்பெனி வந்து கேட்டு, அவள் சரி என்றால், காலையில் வேண்டிய மூச்சுகள் ஜன்னல் வழியாக வேலைக்குப் போகின்றன. வேலை முடிந்ததும் வந்துவிடுகின்றன. அவள் வேண்டாம் என்றால் அசையாமல் கொடியிலேயே கிடக்கின்றன, எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும். கடன்காரக் கம்பெனி இப்போது ஒரு கரகரப்பான ஆணின் குரலில் மிரட்டுகிறது. யார் குரலோ, அந்த ஆளுக்கும் ஒருநாள் மூச்சு வீடு வந்து சேரட்டும். முன்பு ஓடிய பாட்டுகளுக்குச் சேர வேண்டியது இன்றுவரை வரவில்லை, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தக் கட்டிடத்திலிருந்து வரவில்லை. தம்பிக்கு வேலை போயிற்று. வாரம் ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவன் உள்ளே நுழைந்ததும் மூச்சுகள் அடுத்த அறைக்குப் போய்விடுகின்றன. அக்கா பரிமாறுகிறாள், அவற்றைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.

மழைக்காலத்திலும் அந்த வீட்டுக் கூடத்தில் துணி காய்கிறது. தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. அடைமழை பிடித்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஈரத்துணியை வாளியில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வாளியைப் படியில் வைத்துவிட்டு, "அக்கா, போடலாமா?" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். அவள் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வருகிறார்கள்.