எல், நெவிலின் முறை

இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊர்க்காரர்களிடம் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு எதுன்னாலும் சரி." மரியாதை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். மரியாதையாவது மண்ணாவது, அது ஒரு வியாதி. க்ளெண்டாவும் அவள் கணவன் நெவிலும் அந்த வியாதி முற்றிப்போனவர்கள். கல்யாணமான புதிதில் ஒரு வார இறுதிக்கு எங்காவது போகலாம் என்று உட்கார்ந்து, நீ சொல்லு, இல்லை நீ சொல்லு என்று மாறி மாறி இழுத்து, கடைசியில் இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒரு கடற்கரை ஊரில் போய் மழையில் நனைந்துவிட்டு வந்தார்கள். அவன் அவளுக்காகப் போனானாம், அவள் அவனுக்காகப் போனாளாம்.

ஓய்வு பெற்ற வருஷம் நெவில்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஆங்கில எழுத்து வரிசைப்படி ஐரோப்பாவில் ஓர் ஊர். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட வேண்டும். ஓர் எழுத்து அவளுக்கு, அடுத்த எழுத்து அவனுக்கு. யார் முறையோ அவர் வைத்ததுதான் சட்டம், மற்றவர் மூச்சு விடக் கூடாது. "எதுன்னாலும் சரி" என்று சொன்னால் செல்லாது, ஊர்ப் பேரைச் சொல்லியே தீர வேண்டும். திரும்பும் நாளன்று காலைச் சாப்பாட்டு மேசையில் நெவில் அந்த ஊருக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான்.

ஏ-க்கு அவள் ஆம்ஸ்டர்டாம் என்றாள். பி-க்கு அவன் பெர்கன் என்று சொல்லிவைக்க, இரண்டு நாளும் குடைக்கு அடியிலிருந்தே ஊரைப் பார்த்தார்கள். ஈ-க்கு அவள் எடின்பரோ என்றபோது பெரிய சண்டை.

"ரயில் ஏறித் தூங்கி முழிச்சா வந்துடற ஊரு. இதெல்லாம் வெளிநாட்டுல சேர்த்தியா?"

"ஸ்காட்லாந்துக்காரன் முன்னாடி போய் இதச் சொல்லு பாக்கலாம். முழுசாத் திரும்பி வர்றியான்னு பாக்கறேன்."

விட்டுக்கொடுத்தான். ஆனால் அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு கிறிஸ்துமஸ்கூடப் போனதில்லை. ஜே-க்கு ஊரே அகப்படாமல் தலையைப் பிய்த்துக்கொண்டு, ஸ்பெயினில் ஹெரெஸ் என்று ஒன்றைப் பிடித்து வந்தான். வாயில் வருவது 'ஹெ'தானே என்று அவள் கேட்டதற்கு, எழுதுவது ஜேதானே என்று வாதாடினான். கே-க்கு அவள் கிராக்கோவ் சொன்னாள். அங்கேதான், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போனவன் விடுதிக்குத் திரும்பும் வழி தெரியாமல் சதுக்கத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவள் தேடிக்கொண்டு போய்க் கண்டுபிடித்ததும் கிண்டல் செய்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அதற்கப்புறம் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு மறந்தான். விடியும் முன்பே தெருவில் இறங்கி நடந்தான். ஒருநாள் அவளையே யாரென்று கேட்டுத் தள்ளிவிட்டான், அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பிரிஸ்டலில் இருக்கும் மகள் ரோவினா வந்து, எல்லாவற்றையும் பேசி முடித்து, பீச்க்ராஃப்ட் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தாள். கூட்டிப்போகிற அன்று நெவில் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றுவிட்டான். "இது என் வீடு க்ளெண்டா," என்றான், கெஞ்சலாக. ரோவினா காரில் காத்திருந்தாள். க்ளெண்டாதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக அந்த மரத்திலிருந்து பிரித்து எடுத்தாள், கட்டுப்போட்ட கையோடு.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபம்கூட வரவில்லை. சாயங்காலம் ஆனால் விளக்குப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன சமைத்துத் தரட்டும் என்று கேட்டால் எதுன்னாலும் சரி. முடிவெட்டுகிறவள் எவ்வளவு குறைக்கட்டும் என்று கேட்டால் எதுன்னாலும் சரி. பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது.

"எங்கயாவது ரெண்டு நாள் போயிட்டு வாம்மா," என்றாள் ரோவினா போனில். "நானும் கூட வர்றேன். ஒரு நல்ல ஊரா சொல்லு."

"இப்ப எல் எழுத்து."

"சரி, எல்-ல ஒண்ணு சொல்லு."

"எல் உங்கப்பா முறை."

"அம்மா, அவருக்கு இன்னிக்கு என்ன கிழமைன்னே தெரியாது."

"முறைன்னா முறைதான்," என்றாள் க்ளெண்டா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீச்க்ராஃப்டுக்குப் போகும்போது பயண முகவர் கடையிலிருந்து படப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனாள். நெவில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தான். மேசையில் ஊர்களைப் பரப்பினாள்.

"எல் வந்துடுச்சு நெவில். உன் முறை. லிஸ்பன் பாரு."

"மேடு. என் முட்டிக்கு ஆகாது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டு அவனுக்கு ஞாபகம் இருந்தது. "லியோன்? சாப்பாடு நல்லாருக்கும்."

"ம்ஹூம்."

"லைப்சிக்? லுப்லியானா?"

"அத வாயில நுழைக்கறதுக்குள்ள ஞாயித்துக்கிழம வந்துடும்." பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தான். "லேபர்னம் ரோடு."

லேபர்னம் ரோடு அவர்கள் வீடு இருக்கும் தெரு.

"அது ஊர் இல்ல நெவில்."

"எடின்பரோவுக்கு நான் விட்டுக்கொடுத்தேன்ல?"

படப் புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இல்லத்தை நடத்தும் டெனிஸ் வாசல்வரை கூடவே வந்தாள். "கேட்டுச்சு க்ளெண்டா. தப்பா எடுத்துக்காதீங்க. கூட்டிட்டுப் போறது பெரிசில்ல, திருப்பிக் கூட்டிட்டு வர்றதுதான். ஞாயித்துக்கிழம கதவப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு அழுவாங்க. எத்தனையோ பேரப் பாத்துட்டேன். உங்களால தாங்க முடியுமா?"

ரோவினா போனில் கத்தியே விட்டாள். "உனக்கென்ன பைத்தியமாம்மா? மறுபடியும் அந்தப் படிக்கட்டுல நின்னு அவரோட மல்லுக்கட்டப் போறியா?"

நியாயமான கேள்விதான். இன்னொரு தடவை அந்த விரல்களைப் பிரிக்க வேண்டி வந்தால் தன்னால் முடியாது என்று க்ளெண்டாவுக்கு நன்றாகத் தெரியும். பிரிக்காமல் விட்டால் வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. இரண்டும் தெரிந்தும் வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் முறை, அவன் சொன்ன ஊர்.

நெவில் கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டுத் தயாராக நின்றான். விமானத்தில் தலைக்கு மேல் வைக்கும் அந்தச் சின்னச் சக்கரப் பெட்டி கையில் இருந்தது.

"பாஸ்போர்ட்?" என்று கேட்டான்.

கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

லேபர்னம் ரோட்டில் வீட்டுக் கதவைத் திறந்ததும், முப்பது வருஷத்துக்கு மேல் செருப்பைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிந்தவன், மிதியடியில் காலை அழுந்தத் துடைத்துவிட்டுக் கூடத்திலேயே நின்றான். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே வந்து, "சுத்தமா வெச்சிருக்காங்க," என்றான். "நம்ம ரூம் மாடியிலயா?"

வேடிக்கை பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். முன்பெல்லாம் தங்கும் விடுதிகளில் இப்படித்தான் கிசுகிசுப்பான். முகத்தைப் பார்த்தாள். வேடிக்கை இல்லை. "ஆமா, மாடிதான்," என்றாள். அவன் ஏறினான். கைப்பிடியின் மேல் அவன் கை வழுக்கிக்கொண்டு போவதையே கீழே நின்று பார்த்தாள்.

சனிக்கிழமை என்ன செய்வது என்று திகைத்தவளிடம் அவனே சொன்னான், ஊருக்கு வந்தால் மியூசியம் பார்க்காமல் போவதா என்று. ஸ்டாக்போர்ட்டில் தொப்பிகளுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், உள்ளூர்க்காரர் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. இவர்களும் பார்த்ததில்லை. நெவில் ஒவ்வொரு தொப்பியின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெரிய இறகு வைத்த ஒன்றைக் காட்டி, "இத மாட்டிக்கிட்டுப் போனா உங்கக்கா பொறாமையிலயே போய்ச் சேந்துடுவா," என்றான். க்ளெண்டாவின் அக்கா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. கேக் சாப்பிட்டார்கள். ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். பக்கத்தில் நடந்தவள் கால் எங்கே படுகிறது என்றுகூடத் தெரியாமல் நடந்தாள். நாளைக்குக் கைப்பிடி, நாளைக்குக் கைப்பிடி என்று அது ஒன்றே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை முட்டையும் பொரித்த ரொட்டியும் செய்து மேசையில் வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நெவில் துளி விடாமல் சாப்பிட்டான். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏழு."

"ஏழா? ஏன் ஏழு?"

"படுக்கை பிரமாதம். முட்டை பக்குவம். ஒம்பது குடுத்திருப்பேன். அந்த வீட்டுக்காரம்மாதான்..."

"அவங்களுக்கு என்ன?"

"பாத்தியா இல்லியா நீ? முகத்துல சிரிப்புங்கறதே கிடையாது. நேத்து சாயங்காலம் நான் தண்ணி குடிக்க வந்தேன், வெளக்குகூடப் போடாம இங்க ஒத்தையா உக்காந்திருக்காங்க. புருஷன் இல்ல போலிருக்கு." ரொட்டித் துணுக்கால் தட்டைத் துடைத்தான். "நல்ல மனுஷி. நாம கெளம்பிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா சொல்லு?"

க்ளெண்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் தட்டுகளைக் கழுவி முடிப்பதற்குள் நெவில் கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றான். பெட்டி காலடியில். திரும்பும் நாளன்று அவனுக்கு எப்போதும் இந்தப் பரபரப்புதான். "வா கண்ணு, லேட்டாச்சுன்னா ஏர்போர்ட்ல வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்." செருப்பைச் சரிசெய்யக் குனிந்தவன் நிலைதடுமாறி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தான். அவன் நிமிர்ந்தான். கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினான். "நல்ல மரம்," என்றான். கையை எடுத்துக்கொண்டான்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்." சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "ஆளக் காணோம். நீ நன்றி சொல்லிடு."

"சொல்லிடறேன்."

"அப்பாடா," என்றான் காரில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "எந்த ஊருக்குப் போனாலும் சரி, நம்ம வீடு மாதிரி வராது."

பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. அழுகை இல்லை, மல்லுக்கட்டு இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பீச்க்ராஃப்ட் வரைக்கும் ஓட்டினாள்.

டெனிஸ் கதவைத் திறந்து, கலவரம் எதிர்பார்த்த முகத்தோடு நின்றாள். நெவில் அவளைத் தாண்டிப்போய்க் கோட்டைத் தன் கொக்கியில் மாட்டினான். செருப்பைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிந்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான், க்ளெண்டா இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நிற்பதை.

"அடுத்தது எம்," என்றான். "உன் முறை."

"எனக்கு எதுன்னாலும் சரி நெவில்."

"அது செல்லாது. சொல்லு கண்ணு, உனக்கு எங்க போகணும்?"

எம்-மில் எத்தனை ஊர் இருக்கிறது! ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, இத்தனை மாதமும் வராத அழுகை, அந்த வாசலில் எல்லாரும் பார்க்க. நெவில் காலில் செருப்பில்லாமல் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சரி, சரி. அவசரமே இல்ல," என்றான். "நீ யோசிச்சு சொல்லு. நான் எங்கயும் போகல."