மாப்பிள்ளைச் சாப்பாடு தின்ற பங்கசு

கல்யாணம் முடிந்து ஐந்து மாதத்தில் றுஸ்திக்கு மூன்று காற்சட்டைகள் இடுப்பில் ஏறாமல் போயின. காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவரின் வயிற்றை நிறைத்து வைப்பது மாமியாரின் மானப் பிரச்சினை. றுஸ்தியின் மாமியார் நபீஸா அந்த மானத்தில் அரைக் கரண்டிகூடக் குறைய விடாதவர். விடிந்தால் இடியப்பமும் கோழி ஆணமும், வேலைக்குக் கொண்டுபோக மூன்றடுக்குக் கரியரில் சோறு, வீடு திரும்பினால் வட்டிலப்பம். "போதும் மாமி" என்று சொல்லிப் பார்த்தால், அந்தச் சொல் முடிவதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் நபீஸா மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏதும் விசேஷம் இரிக்கா புள்ள?" என்று கேட்பார். "இல்ல உம்மா" என்பாள் நிஸ்மியா. நபீஸா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மருமகனுக்கு இன்னும் ஊட்டம் காணாது என்று முடிவுகட்டி, அடுத்த கோழியைப் பார்க்கப் போவார்.

றுஸ்திக்குக் கரடியனாற்றுப் பக்கம் ஒரு நெல் ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை. நெல்லை எரித்துப்போடும் எரிபந்தம் என்ற நோய் ஒரு பங்கசினால் வருவது. வீட்டுப் பேச்சில் சொன்னால் பூஞ்சணம். அந்தப் பங்கசை வளர்த்து, அது ஈனும் வித்தி என்ற பொடிப்பொடி விதைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை, பன்னிரண்டு நெல்லினங்களின் நாற்றுகளில் அந்த வித்திகளைத் தண்ணீரில் கலந்து தெளித்து, எது எரிகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பார்கள்.

"நாத்துக்கு வயசு போயிட்டா எல்லாம் வீண், றுஸ்தி," என்று அவனுடைய மேலதிகாரி அஜந்தா மேடம் சொல்லியிருந்தார். "வியாழக்கிழமை வித்தி இல்லாட்டி, உங்கட வேலைய நீட்டச் சொல்லிக் கேக்க என்னால ஏலா."

அந்த நேரம் பார்த்தா ஆய்வுகூடத்தின் கூரையைத் திருத்தப் பிரிக்க வேண்டும்? தூசிக்குப் பயந்து, பங்கசு வைத்த ஆறு கண்ணாடித் தட்டுகளையும் ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் றுஸ்தி.

நபீஸா தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஆரு செஞ்ச கடற்பாசி மருமகன் இது? சீனி போட்டிரிக்கா?"

பங்கசு வளர்வதும் நோன்பு காலத்தில் இனிப்பாகக் காய்ச்சி உறையவைக்கிற அதே கடற்பாசியில்தான். றுஸ்தி விளக்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகவே கொஞ்சம் கூடவே விளக்கினான். "இதுக்குச் சீனி வேணும் மாமி. நைதரசன் வேணும். ரெண்டு விற்றமின் இதால தானாச் செஞ்சிக்க ஏலா, நாமதான் குடுக்கணும். எல்லாம் கடற்பாசிக்குள்ள அளவாப் போட்டிரிக்கன்."

"அது நேத்துப் போட்டது. இண்டைக்கு என்ன திங்கும்?"

மாமி பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, தகரத்தைத் தையல் மெசின் பக்கத்தில் வைத்தான். மாமியார் வாழ்நாளில் சாப்பாட்டைப் பற்றிப் பகிடி விட்டதில்லை என்பது பாவம், அவனுக்குத் தெரியாது.

நாலாம் நாள் மேல் தட்டைத் தூக்கிப் பார்த்தான். பங்கசு தலையணைப் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பொங்கியிருந்தது. வெள்ளை என்றால் வெறும் உடம்பு. வித்தி வந்திருந்தால் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். ஏழாம் நாள் பஞ்சு மூடியை முட்டியது. வியாழக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கவலையிலும் மாமியார் வைத்த இரண்டாம் கோப்பைச் சோற்றை றுஸ்தி தின்று முடித்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை மனம் கேளாமல் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். தையல் மெசினுக்கு முன்னால் நபீஸா பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டுகள் மூடியில்லாமல் வரிசையாக இருந்தன. ஒரு கையில் நிஸ்மியாவின் விற்றமின் பாணிப் போத்தல், மறு கையில் மருந்து சொட்டும் குழாய். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி! என்ன செய்யிறீங்க?"

"காலையில சீனித்தண்ணி குடுத்தன். பகலைக்குப் பருப்பவிச்ச தண்ணி. இது விற்றமின். நீங்க சொன்னதுல ஒண்டும் நான் விடல்ல மருமகன். பாருங்களே, எப்புடிக் கொழுத்திரிக்கிண்டு!"

பார்த்தான். மூன்று தட்டில் வெறும் பஞ்சு. இரண்டு தட்டில், விருந்து மணம் பிடித்து எங்கிருந்தோ வந்த பச்சைப் பூஞ்சணமும் கறுப்புப் பூஞ்சணமும் வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தன. வேலை போய்விட்டது என்று றுஸ்திக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அப்போதுதான் எண்ணினான்.

"அஞ்சுதானே இரிக்கி. ஆறாவது எங்க மாமி?"

"ஆறு பேரப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சி. வந்த அண்டைக்கே ஒண்ட பக்கத்து ஊட்டு ஆயிஷா உம்மாட்ட உட்டுட்டன்."

கல்யாண வீட்டில் விருந்தாளி மிஞ்சினால் பக்கத்து வீட்டில் தங்கவைப்பது ஊர் வழக்கம். ஆனால் ஆயிஷா உம்மா வீட்டுக்கு மட்டும் யாரையும் அனுப்புவதில்லை. அந்த வீட்டுத் தேத்தண்ணியில் கோப்பையின் அடி தெரியும். பிஸ்கற்றைப் பாதியாக உடைத்துத்தான் வைப்பார்.

றுஸ்தி செருப்பையும் போடாமல் ஓடினான். ஆயிஷா உம்மா சன்னலைக் காட்டினார். அங்கே வெயில் படாத ஓரத்தில் ஆறாவது தட்டு இருந்தது. கடற்பாசி காய்ந்து சுருங்கி, பங்கசு மெலிந்து, தட்டு முழுக்கச் சாம்பல் பூசியது போலிருந்தது.

"இதுக்கு என்ன குடுத்தீங்க உம்மா?"

"ஒண்டும் குடுக்கல்ல," என்றார் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நபீஸா தந்த சீனிய நான் தேத்தண்ணிக்குப் போட்டன். வேணுமெண்டா இனிக் குடுக்கிறன், கோவிக்காதீங்க."

"வேணாம்! வேணவே வேணாம்!" என்று அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றாத குறையாகச் சொல்லிவிட்டு, தட்டோடு பஸ் ஏறினான். நுணுக்குக்காட்டியில் பார்த்த அஜந்தா மேடம் வாயைப் பிளந்தார். வித்தி குவிந்து கிடந்தது. பன்னிரண்டு இனத்துக்கும் தாராளமாகக் காணும். வியாழக்கிழமை தெளித்து முடிந்தது. அன்றைக்கே வேலையை ஒரு வருடம் நீட்டச் சொல்லி மேடம் கடிதமும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நபீஸாவுக்கு மனம் நொந்துபோயிற்று.

"அப்ப நான் பாத்துப் பாத்துக் குடுத்ததெல்லாம்?"

மாமியாரை ஆற்ற வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் றுஸ்தி மறுபடியும் கொஞ்சம் கூடவே விளக்கினான். "உங்கள்ல பிழையில்ல மாமி. அதுட குணம் அப்புடி. நல்லாத் திண்டா உடம்ப வளத்துக்கிட்டுச் சும்மா கிடக்கும். வயிறு காஞ்சாத்தான் புள்ளகுட்டி பெறுற நெனப்பே வரும்."

நபீஸாவின் கரண்டி நடுவானில் நின்றது. மருமகனின் வயிற்றைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். ஐந்து மாதத்துக் கோழிகளையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கரண்டிச் சோற்றைத் திரும்பப் பானையில் போட்டு மூடினார்.

"நிஸ்மியா, அந்த முக்காட்ட எடு. நாளையில இரிந்து மருமகனுக்கு மூணு வேளையும் ஆயிஷா உம்மா ஊட்டதான் சாப்பாடு. நான் போய்ச் சொல்லிட்டு வாறன்."

நிஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக றுஸ்தி, "இன்னும் கொஞ்சம் போடுங்க மாமி" என்று கோப்பையை நீட்டினான். மாமி அதற்குள் கேற்றைத் தாண்டிவிட்டார்.